மகளை விமானி ஆக்க எந்தப் பள்ளியில் சேர்ப்பது? நேர்மையான பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது?

மாந்தோப்பு (காவேரிப்பட்டினம்), ஞாயிறு இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அரசு பெண்கள் பள்ளி, தமிழ் வழி. கணிதம், இயற்பியல் இரண்டும் உண்டு, மதிப்பெண்ணும் நன்றாக இருக்கிறது. எட்டாம் வகுப்பிலிருந்தே விமானி ஆக வேண்டும் என்கிறாள். சின்னப் பிள்ளை ஆசை, போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

போன வாரம் கிருஷ்ணகிரியில் ஓர் ஓட்டலில் கருத்தரங்கு நடத்தினார்கள். கோட் போட்ட ஒருவர் வந்து, "மொத்தம் 38 லட்சம், பத்தே மாதம், வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதம்" என்றார். அன்றைக்கே 2 லட்சம் முன்பணம் கட்டினால் 3 லட்சம் தள்ளுபடியாம். பக்கத்தில் இருந்தவர் கட்டிவிட்டார். நான் கட்டவில்லை. மகள் வழியெல்லாம் பேசாமலே வந்தாள்.

எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு. பெரும்பாலும் பெங்களூரா, கொஞ்சம் செந்தூரா. அப்பா வைத்த மரங்கள். அதை விற்றோ அடமானம் வைத்தோதான் இதைச் செய்ய முடியும். குறைந்த செலவில், ஏமாற்றாத பள்ளி எது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் என் மனைவி "பெண் பிள்ளைக்கு இவ்வளவு தேவையா" என்று கேட்கவில்லை; உறவினர்கள் கேட்கிறார்கள்.

கடைசல் பட்டறை (ஓசூர்), ஞாயிறு இரவு 10.15

ஐயா, கட்டாமல் வந்தீர்களே, அதுவே பெரிய காரியம். முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

என் தம்பியை வட மாநிலத்தில் ஒரு பள்ளியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். "முழுத் தொகையும் ஒரே தடவையில் கட்டினால் சலுகை" என்றார்கள். ஓசூரில் இருந்த மனையை விற்று 24 லட்சம் கட்டினேன். விளம்பரத்தில் ஏழு விமானம். நேரில் போய்ப் பார்த்தால் நான்கு. அதில் பறக்கிற நிலையில் இரண்டு. ஒன்று இன்ஜின் இல்லாமல் கொட்டகையில் மூக்கில் தார்ப்பாய் கட்டி நின்றது. 14 மாதத்தில் தம்பி பறந்தது 61 மணி நேரம்; உரிமத்துக்கு 200 வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இல்லை" என்றார்கள். உண்மைதான், இல்லை. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வேறு பள்ளிக்கு மாற்றி, மறுபடி கடன் வாங்கி, ஒருவழியாக முடித்தான். 31 மாதம். அவன் திறமையில் எந்தக் குறையும் இல்லை. விமானம் இல்லாமல் என்ன செய்வான்?

வலது இருக்கை (தர்மபுரி), திங்கள் காலை 6.05

ஐயா, நான் தர்மபுரிக்காரன். இப்போது ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானி. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போடுகிறேன்: எந்தப் பள்ளி என்பது நான்காவது படி. அதற்கு முன் மூன்று படிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு அந்த முன்பணத்தில் ஒரு சிறு பங்குதான். ஆனால் பெரும்பாலானோர் நான்காவதில் ஏறிவிட்டுத்தான் முதல் படியைத் தேடுகிறார்கள்.

முதல் படி உடல் தகுதி. முதலில் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பு) அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சோதனை. அதில் தேறியதும் முதல் வகுப்புச் சோதனை. வணிக விமானி உரிமத்துக்கு இந்த முதல் வகுப்பு கட்டாயம். அந்தச் சோதனை செய்யும் இடங்களில் ஒன்று உங்களுக்கு இரண்டு மணி நேரத் தூரத்தில், பெங்களூரில் இருக்கிறது: விமானப்படையின் வான்வெளி மருத்துவக் கழகம். இரத்தம், இதயத் துடிப்பு, காது, கண் எல்லாம் பார்ப்பார்கள். கண்ணாடி போட்டிருப்பது தடை இல்லை. ஆனால் நிறக்குருடு இருந்தால் சிக்கல். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டுவார்கள். என்னுடன் படித்த ஒருவனுக்கு 40 மணி நேரம் பறந்த பிறகுதான் அந்தக் குறை தெரிந்தது. பள்ளியில் யாரும் முன்னதாக அனுப்பிப் பார்க்கவில்லை. அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன நாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பணம் கட்டும் முன் இதை முடித்துவிடுங்கள். தயவுசெய்து.

இரண்டாவது, கணினி எண். டிஜிசிஏ தேர்வு எழுத இந்த எண் வேண்டும். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு, மதிப்பெண் சான்றிதழ் உண்மையானது என்று அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலிருந்து சரிபார்ப்புக் கடிதம் வேண்டும். இதற்கே வாரக்கணக்கில் ஆகும். இன்றே தொடங்குங்கள்.

மூன்றாவது, எழுத்துத் தேர்வுகள். வான்வழிச் செலுத்தம், வானிலையியல், விமானச் சட்டவிதிகள், பொதுத் தொழில்நுட்பம், குறிப்பிட்ட விமானத்துக்கான தொழில்நுட்பம். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். கடைசித் தாள் மட்டும் எந்த விமானத்தில் பயிற்சி பெறுகிறாளோ அதைப் பற்றியது, ஆகவே பள்ளியில் சேர்ந்த பிறகு எழுதலாம். மற்ற நான்கையும் வீட்டில் இருந்தே படித்து எழுதலாம். விடுதிக் கட்டணம் இல்லை, ஓடுகிற கடன் வட்டி இல்லை. தேர்வுகளை முடித்துவிட்டு வரும் மாணவி, பறக்கிற நாளில் பறப்பாள். முடிக்காதவள் மழை விட்டு வானம் தெளிந்த காலையில் புத்தகத்தோடு அறையில் உட்கார்ந்திருப்பாள்.

இதற்கு ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை ஆகலாம். அதற்குப் பின்னும் அவள் ஆசை அப்படியே இருந்தால், தோப்பைப் பற்றி அப்போது யோசியுங்கள்.

"நூறு சதவீத வேலை உத்தரவாதம்" என்று எந்தப் பள்ளி சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். வேலை கொடுப்பது விமான நிறுவனம், பள்ளி அல்ல. நான் உரிமம் வாங்கியது 2020 பிப்ரவரியில். அடுத்த மாதம் ஊரடங்கு. 22 மாதம் தர்மபுரியில் ஒரு டியூஷன் மையத்தில் இயற்பியல் நடத்தினேன். அந்தக் காலம் முழுவதும் மருத்துவச் சான்றையும், கருவிவழிப் பறத்தல் (வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது) தகுதியையும் காலாவதியாகாமல் காப்பாற்ற வேண்டியிருந்தது. அதற்கும் பணம்.

மாந்தோப்பு, திங்கள் இரவு 8.30

தம்பி, இவ்வளவு விவரத்தை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. மகள் உங்கள் பதிவை மூன்று முறை படித்துவிட்டாள். ஒரு சந்தேகம். தமிழ் வழியில் படித்தவள். தேர்வு ஆங்கிலம், ரேடியோவில் பேச்சும் ஆங்கிலம். இது அவளால் ஆகுமா? கருத்தரங்கில் இருந்த பிள்ளைகளெல்லாம் நுனி நாக்கில் பேசினார்கள். அவள் அங்கே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

வரப்பு (பாலக்கோடு), திங்கள் இரவு 11.20

ஐயா, இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். நானும் தமிழ் வழி, அரசுப் பள்ளி. இப்போது பயிற்சியில் இருக்கிறேன், 128 மணி நேரம் ஆகிறது. எங்கே என்பதை இங்கே எழுதவில்லை.

தங்கச்சியிடம் சொல்லுங்கள்: ரேடியோவில் பேசுவது சரளமான ஆங்கிலம் இல்லை. அது ஒரு கட்டுப்பாடான சின்ன மொழி. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து சொல்வதை அதே வரிசையில் திருப்பிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வார்த்தைகள் சில நூறுதான் இருக்கும். நுனி நாக்கில் பேசுகிறவர்கள்தான் முதலில் தடுமாறுவார்கள், ஏனென்றால் அவர்கள் வளவளவென்று பேசுவார்கள். தனியாக ஆங்கில மொழித்திறன் சோதனையும் உண்டு, அதில் நான்காம் நிலை எடுத்தால் போதும். ரேடியோ உரிமம் முன்பு தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்தது; 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விமானச் சட்டத்துக்குப் பிறகு அதுவும் டிஜிசிஏவிடம் வந்துவிட்டது.

நான் எப்படிப் பழகினேன் தெரியுமா? எங்கள் தக்காளிக் காட்டு வரப்பில். விமானம் ஓடுபாதையைச் சுற்றிச் செவ்வகமாக வந்துதான் இறங்கும். காட்டின் நீளமான வரப்பு ஓடுபாதை. கிணற்று மேட்டில் திரும்பினால் ஒரு அழைப்பு, மோட்டார் கொட்டகை தாண்டினால் அடுத்த அழைப்பு, புங்க மரத்தில் திரும்பினால் "இறுதி அணுகல்" என்று அறிவிப்பு. ஒரு கையை இன்ஜின் விசை நெம்புகோலைப் பிடித்திருப்பது போல வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடப்பேன். தினமும் காலையில் பத்துச் சுற்று. கூலிக்குக் காய் பறிக்க வந்த அக்காமார் முதல் வாரம் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு வழிவிட்டு ஒதுங்கி நிற்கப் பழகிவிட்டார்கள். முதல் முறை தனியாகப் பறந்த அன்று, பக்கத்து இருக்கை காலியாக இருந்தபோது, வாய் தானாகவே பேசியது. கிணறு, கொட்டகை, புங்க மரம் என்றுதான் மனத்தில் ஓடியது.

ஒரே ஒரு விஷயம்: அழுத்தமாக ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கம் வேண்டும். விமானச் சட்டவிதித் தாளில் ஒரு சொல் மாறினால் விடை மாறும். இப்போதிருந்தே தினம் ஒரு மணி நேரம் படிக்கட்டும்.

கடன் பிரிவு ஓய்வு (அரூர்), செவ்வாய் காலை 10.10

பொதுத்துறை வங்கியில் 33 ஆண்டுகள், அதில் பாதி கடன் பிரிவில். நிலத்தை விற்பதா, அடமானமா என்று கேட்டீர்கள். என் பதில்: விற்காதீர்கள்.

கல்விக் கடனில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்துப் பிணையம் கேட்பார்கள். தோப்பு இருக்கிறது, அது பிணையமாக நிற்கட்டும். ஆனால் பல வங்கிகள் விவசாய நிலத்தை ஏற்கத் தயங்கும். வீடோ, வீட்டுமனையோ இருந்தால் எளிது. கிளையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள், சட்டக் கருத்துக்கும் மதிப்பீட்டுக்கும் செலவு செய்த பிறகு அல்ல.

கணக்கைப் பாருங்கள். 40 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 15 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 43,000 ரூபாய். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பார்கள். ஆனால் வட்டி ஓடும். ஆண்டுக்கு 4 லட்சம். அந்தக் காலத்தில் வட்டியையாவது கட்டிவந்தால் கடன் குட்டி போடாது. வட்டிக்குப் பழைய வருமான வரி முறையில் எட்டு ஆண்டு வரை கழிவு உண்டு.

இன்னொன்று. கடன் தொகை மொத்தமாக உங்கள் கையில் வராது, பள்ளிக்கே தவணை தவணையாகப் போகும். பலர் இதைத் தொல்லையாக நினைக்கிறார்கள். இதுதான் உங்கள் பாதுகாப்பு. பள்ளி முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்டால், "வங்கி தவணையாகத்தான் தரும்" என்று சொல்ல உங்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. அதை ஏற்காத பள்ளி நமக்கு வேண்டாம். ஓசூர்த் தம்பிக்கு நேர்ந்தது முழுத் தொகையையும் ஒரே தடவையில் கட்டியதால்தான்.

அங்கீகாரம் பெற்ற பள்ளியின் கட்டண விவரம், பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில், வரி வரியாக வேண்டும். கருத்தரங்கில் கொடுத்த வண்ணத் துண்டறிக்கையை எந்த மேலாளரும் ஏற்க மாட்டார்.

மொரப்பூர் வழி, செவ்வாய் மதியம் 1.45

எல்லோரும் ஊக்கம் கொடுக்கிறீர்கள். நான் மறுத்துச் சொல்கிறேன், மன்னிக்கவும். அரை கோடி செலவழித்து உரிமத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் தெரியுமா? 2023இல் மட்டும் டிஜிசிஏ 1,622 வணிக விமானி உரிமங்கள் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு 1,165. எல்லோருக்கும் உடனே இருக்கை எங்கே இருக்கிறது? இரண்டரை ஏக்கர் வைத்திருப்பவர் இதில் இறங்கக் கூடாது. அந்தப் பெண் நன்றாகப் படிக்கிறாள் என்றால் பொறியியல் படிக்கட்டும். ஓசூரில் வேலை இருக்கிறது.

இயற்பியல் ஆசிரியை (பென்னாகரம்), செவ்வாய் மாலை 6.20

மொரப்பூர் அண்ணனுக்கு. நீங்கள் சொல்லும் எச்சரிக்கை சரி, உங்கள் முடிவு சரியில்லை. இரண்டரை ஏக்கர்காரர் இறங்கக் கூடாது என்றால், யார் இறங்கலாம்? இந்தியாவில் விமானிகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பெண்கள். உலக சராசரியைப் போல மூன்று மடங்கு. அவர்களில் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்? என் வகுப்பில் திசையன் கூட்டல் நடத்தும்போது, காற்று பக்கவாட்டில் அடித்தால் விமானம் எந்தப் பக்கம் மூக்கைத் திருப்ப வேண்டும் என்று ஒரு கணக்குக் கொடுப்பேன். பேருந்தில் 20 கிலோமீட்டர் வந்து படிக்கிற பிள்ளைகள் அதை நொடியில் போடுகிறார்கள். அவர்களுக்கு அறிவு இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

வேலை கிடைக்கத் தாமதமாகும் என்பது உண்மை. ஆகவே ஒரு வழி: அஞ்சல் வழியில் ஒரு பட்டப் படிப்பையும் சேர்த்தே தொடங்கட்டும். காத்திருக்கும் காலத்தில் கையில் ஒரு பட்டம் இருக்கும்.

தொப்பூர் கணவாய், செவ்வாய் இரவு 9.00

நான் அமெரிக்காவில் பயிற்சி பெற்றவன். ஏன் யாரும் வெளிநாட்டைச் சொல்லவில்லை? அங்கே விமானங்கள் நிறைய, வானிலை நன்றாக இருக்கும் மாநிலங்கள் உண்டு, நாளுக்கு இரண்டு முறைகூடப் பறக்கலாம். எனக்கு 11 மாதத்தில் முடிந்தது. இங்கே நான்கு பேர் ஒரு விமானத்துக்குக் காத்து நிற்பதைவிட அது மேல்.

ஆனால் மறைக்காமல் சொல்கிறேன். அங்கே அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டப் பள்ளிகளில் 190 மணி நேரத்திலேயே வணிக உரிமம் கொடுத்துவிடுவார்கள். இந்தியாவில் 200 வேண்டும். இது தெரியாமல் திரும்பி வந்து, மிச்சப் பத்து மணி நேரத்துக்காக இங்கே ஒரு பள்ளியின் வாசலில் நின்றேன். இந்திய உரிமமாக மாற்ற டிஜிசிஏ தாள்கள் எழுத வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், பறந்து காட்ட வேண்டும், அங்கே எடுத்த உரிமத்தை அந்த நாட்டு அமைப்பு உறுதி செய்து கடிதம் அனுப்பும் வரை காத்திருக்க வேண்டும். சேர்ந்தபோது இருந்த டாலர் விலை முடிக்கும்போது இல்லை. விசா நேர்காணலும் உண்டு.

வலது இருக்கை, புதன் அதிகாலை 4.30

தொப்பூர் அண்ணனின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இந்தக் குடும்பத்துக்கு நான் வெளிநாட்டைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏதாவது தவறானால் காவேரிப்பட்டினத்திலிருந்து ஐயா அடுத்த நாள் போய் நிற்க முடியாது. உள்நாட்டில் என்றால் இரவு ரயில் ஏறி விடியலில் பள்ளி வாசலில் நிற்கலாம். இதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

இனி நான்காவது படி.

டிஜிசிஏ இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறது. பெயரும் இடமும் அங்கீகாரம் முடியும் தேதியும் பாருங்கள். கருத்தரங்கு நடத்தியவர் பள்ளியா, தரகரா என்பது அங்கேயே தெரிந்துவிடும். 2025 முதல் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தவும் தொடங்கியிருக்கிறார்கள். முதல் தரவரிசை 2025 அக்டோபரில் வந்தது. அதில் இருந்த நான்கு தரங்களில், மேல் இரண்டில் ஒரு பள்ளிகூட வரவில்லை. எல்லாமே கீழ் இரண்டு தரங்களில்தான் வந்தன. இதைப் பார்த்துச் சோர்ந்துவிடாதீர்கள். விளம்பரத்தில் "இந்தியாவின் முதல் தரப் பள்ளி" என்று போடுகிறவரிடம் கேட்க உங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அரசு சார்ந்தது வேண்டும் என்றால் உத்தரப் பிரதேசத்தில் ஃபுர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி. நுழைவுத் தேர்வு உண்டு, கணிதமும் இயற்பியலும் ஆங்கிலமும் வரும். தங்கச்சி கட்டாயம் எழுத வேண்டும். கட்டணம் தனியாரைவிட மலிவு என்று சொல்ல முடியாது, ஆனால் கட்டணம் எழுத்தில் இருக்கிறது, தேர்வு வெளிப்படையானது. பெங்களூரு ஜக்கூரில் கர்நாடக அரசின் பள்ளியும் உண்டு.

அடுத்து, நேரில் போங்கள். அலுவலகத்தில் உட்கார வேண்டாம். ஓடுபாதைக்குப் பக்கத்தில் காலை 6 மணி முதல் 11 மணி வரை நில்லுங்கள், இரண்டு நாள். எத்தனை விமானம் மேலே போகிறது என்று எண்ணுங்கள். பிறகு இந்தக் கணக்கைப் போடுங்கள்:

பறக்கும் நிலையில் 6 விமானம். ஒன்று நாளுக்கு 5 மணி நேரம். மாதம் 25 நாள் வானம் ஒத்துழைக்கிறது. மொத்தம் 750 மணி நேரம். மாணவர் 60 பேர் என்றால் ஆளுக்கு மாதம் பன்னிரண்டரை மணி நேரம்; 200 மணி நேரத்துக்கு 16 மாதம். அதே பள்ளியில் 120 பேர் என்றால் 32 மாதம். பத்து மாதத்தில் முடிப்போம் என்கிறவரிடம் இந்த மூன்று எண்களையும் கேளுங்கள். விமானம் எத்தனை, மாணவர் எத்தனை, போன மாதம் மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தீர்கள். மூன்றாவது எண்ணைச் சொல்லத் தயங்கினால் விடை கிடைத்துவிட்டது. பயிற்றுநர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் ஓர் ஆண்டுக்கு மேல் அங்கேயே இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

200 மணி நேரத்துக்குள்ளும் கணக்கு உண்டு. தனிப் பொறுப்பில் (விமானத்துக்கு அவளே பொறுப்பு என்ற நிலையில்) 100 மணி நேரம், ஊர்விட்டு ஊர் பறப்பது தனிப் பொறுப்பில் 20 மணி நேரம், அதில் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாமல், இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி. இரவிலும் பறக்க வேண்டும், தனிப் பொறுப்பில் 5 மணி நேரம். இரவில் விளக்கு இல்லாத ஓடுபாதை என்றால் வேறு விமான நிலையத்துக்குக் கூட்டிப் போக வேண்டியிருக்கும். "இரவுப் பயிற்சி எங்கே நடக்கிறது, அதற்குத் தனிக் கட்டணமா" என்று கேளுங்கள்.

கட்டணத்தில் சேராதவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். விடுதி, சாப்பாடு, சீருடை, காதில் மாட்டும் ஹெட்செட், தேர்வுக் கட்டணம், இறங்கு கட்டணம், சோதனை அதிகாரியின் கட்டணம், கூடுதல் மணி நேரம், எரிபொருள் விலை ஏறினால் யார் தலையில், இரட்டை இன்ஜின் விமானப் பயிற்சி உள்ளதா இல்லையா. இது எதுவும் இல்லாமல் "38 லட்சம்" என்றால் அது பாதிக் கணக்குதான். ஜிஎஸ்டி என்று 18 சதவீதம் சேர்த்தால் தடுத்துக் கேளுங்கள். டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சிக்கு விலக்கு உண்டு என்று ஜிஎஸ்டி கவுன்சில் 2024 செப்டம்பரில் தெளிவுபடுத்திவிட்டது. 38 லட்சத்தில் 18 சதவீதம் கிட்டத்தட்ட 7 லட்சம்.

எல்லாம் முடிந்த பிறகு ஏர்பஸ் அல்லது போயிங் ரகத்துக்கான தனித் தகுதி. என்னுடையதற்கு 14 லட்சம் ஆனது. இதைச் சேர்க்காமல் யாரும் மொத்தக் கணக்கைச் சொல்லக் கூடாது.

வரப்பு, புதன் இரவு 10.40

அண்ணா சொன்னதோடு ஒன்று. விமானத்தில் ஒரு சிறிய மணிக்கணக்கு மீட்டர் இருக்கும், ஹாப்ஸ் என்பார்கள். அது ஓடுகிற ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு மணிக்கும் காசு. ஏறியதும் முதல் வேலையாக அதில் உள்ள எண்ணை என் சிறிய நோட்டில் எழுதுவேன். இறங்கியதும் மறுபடி எழுதுவேன். ஒருநாள் பதிவேட்டில் 1.3 என்று போட்டிருந்தார்கள், என் நோட்டில் 1.1. காட்டினேன், திருத்தினார்கள். தவறு யாருக்கும் நேரும். ஆனால் 200 மணி நேரத்துக்கு அப்படி 12 நிமிடம் 12 நிமிடமாகப் போனால் எவ்வளவு பணம்?

இதைவிட முக்கியம் எதிர்ப் பக்கம். பறக்காத மணி நேரத்தைப் பறந்ததாக எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அன்றே வெளியே வந்துவிட வேண்டும். 2011இல் போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் கைதானார்கள். உரிமம் போவது ஒரு பக்கம். பின்னால் 180 பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

மாணவர்களிடம் பேசுங்கள் ஐயா. அலுவலகம் காட்டுகிற மாணவரிடம் வேண்டாம். மாலையில் பள்ளிக்கு வெளியே டீக்கடையில் இருப்பார்கள். "கடைசியாக எப்போது பறந்தாய்?" என்று மட்டும் கேளுங்கள். நேற்று, முந்தாநாள் என்றால் நல்லது. யோசித்துப் பதில் சொன்னால் புரிந்துகொள்ளுங்கள்.

கடைசல் பட்டறை, வியாழன் காலை 7.15

சேலம் விமான நிலையத்திலேயே பயிற்சிப் பள்ளிக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்களே? நம் பக்கத்துக்கு அது சௌகரியம் இல்லையா?

வலது இருக்கை, வியாழன் மதியம் 2.00

ஆமாம் அண்ணா. விமான நிலையங்கள் ஆணையம் 2022இல் ஐந்து விமான நிலையங்களில் இடம் ஒதுக்கியது. காமலாபுரத்தில் உள்ள நம் சேலமும் அதில் ஒன்று. தர்மபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். நன்மை என்னவென்றால், எந்த நாளிலும் போய்ப் பார்க்கலாம், பத்து முறை போகலாம். ஆனால் பக்கம் என்பதற்காகவே சேர்க்க வேண்டாம். அங்கேயும் அதே மூன்று எண்கள், அதே காலை 6 மணி. எல்லாப் பள்ளிக்கும் ஒரே தராசுதான்.

மாந்தோப்பு, ஏழு வாரத்துக்குப் பின், சனி இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கவும். மாங்காய் அறுவடையில் இருந்தேன்.

இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனை முடிந்தது, தேறிவிட்டாள். அந்தப் புள்ளி அட்டைகளை அவள் ஒவ்வொன்றாகப் படிக்கும்போது நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். பன்னிரண்டு, எட்டு என்று குரல் வரவர எனக்கு மூச்சு வந்தது. முதல் வகுப்புக்குப் பெங்களூரில் தேதி கிடைத்திருக்கிறது. சரிபார்ப்புக் கடிதத்துக்கு விண்ணப்பித்துவிட்டோம்.

இரண்டு பள்ளிகளை நேரில் போய்ப் பார்த்தோம், பெயர் எழுதவில்லை. முதலாவதில் பெரிய வரவேற்பறை, காபி கொடுத்தார்கள். காலை 6 முதல் 11 வரை ஓடுபாதைப் பக்கம் நின்றோம். நிர்மலமான வானம், இரண்டே விமானம் எழுந்தது. மகள் டீக்கடையில் ஒரு பையனிடம் கேட்டாள். 19 நாள் ஆயிற்று என்றான். இரண்டாவது பள்ளியில் பெயர்ப்பலகைகூட வெயிலில் வெளுத்திருந்தது. அதே நேரத்தில் 14 முறை எழுந்து இறங்கின. தலைமைப் பயிற்றுநர் என்னிடம் பேசவில்லை, மகளிடம் பேசினார். "எழுத்துத் தேர்வை முடித்துவிட்டு வா. அதற்கு முன் உன் அப்பாவிடம் பணம் வாங்க மாட்டேன்" என்றார். போன மாதம் பறந்த மணி நேரத்தைக் கேட்டேன். சுவரில் எழுதியிருந்த பலகையைக் காட்டினார்.

வங்கியில் வீட்டைப் பிணையமாக வைத்துப் பேசியிருக்கிறோம். தோப்பு அப்படியே இருக்கட்டும் என்று மேலாளரே சொன்னார். அரூர் ஐயாவுக்கு நன்றி. கருத்தரங்கில் முன்பணம் கட்டிய அந்த நண்பரை எப்படியோ தேடிப் பிடித்தேன். அவர் பையனுக்கு மருத்துவச் சோதனையே இன்னும் செய்யவில்லை. இந்தப் பதிவை முழுவதும் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு உதவி. வானிலையியல் தாள்தான் அவளுக்கு மலைப்பாக இருக்கிறது. மேகம், காற்றழுத்தம் எல்லாம் பள்ளியில் தமிழில் படித்தது; ஆங்கிலச் சொல்லோடு பொருத்திப் பார்க்கத் திணறுகிறாள். ஏதாவது வழி உண்டா?

வரப்பு, சனி இரவு 11.55

என்னிடம் இருக்கிறது ஐயா. வானிலையியல் முழுவதையும் இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஆங்கிலம் என்று இரண்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். திரள் மேகத்துக்குப் படம்கூட வரைந்திருக்கிறேன், எங்கள் காட்டுக்கு மேலே மே மாதம் எழும்பியதைப் பார்த்து. இரண்டும் பாலக்கோட்டில் வீட்டில்தான் இருக்கின்றன. அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை பாலக்கோடு பேருந்து நிலையத்துக்கு வந்தால் அம்மா கொண்டுவந்து கொடுப்பார். தனிச் செய்தியில் நேரம் சொல்லுங்கள். தேர்வு முடிந்ததும் திருப்பித் தர வேண்டாம், அடுத்து கேட்கிறவளுக்குக் கொடுக்கட்டும்.